சட்டைப் பைக்கு எந்த கேமரா: ரிக்கோ ஜிஆர் 3-ஆ, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஆ?

தினமும் கையோடு கொண்டுபோக ஒரு சின்ன கேமரா தேடியபோது கடைசியில் மூன்று மிஞ்சின: ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, கேனன் ஜி7எக்ஸ் மார்க் 3. மூன்றும் 2019-ல் கடைக்கு வந்தவை. நான் வாங்கியது ரிக்கோ. அதனால் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கேனனை முதலில் முடித்துவிடலாம். திரையை மேலே திருப்பித் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம், தனி மைக் செருகலாம், 4கே வீடியோ எடுக்கலாம். யூடியூபில் பேசப் போகிறவர்களுக்கு அதுவே சரி. எனக்கு வீடியோ வேலை இல்லை.

சோனியை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. 302 கிராம் எடைக்குள் 24 முதல் 200 மி.மீ. வரை போகும் ஜூம் (எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்), அழுத்தினால் மேலே எழும்பும், கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர், ஓடும் குழந்தையின் கண்ணை விடாமல் பிடிக்கும் ஃபோகஸ். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் இடம் கிடைக்கிற அப்பா அம்மாவுக்கு வேறு யோசனையே வேண்டாம். ரிக்கோவில் ஜூம் கிடையாது, 28 மி.மீ. கோணம் ஒன்றுதான். படத்தை வெட்டி 50 மி.மீ. ஆக்கலாம், ஆனால் 24 மெகாபிக்சல் 7 ஆகிவிடும். வியூஃபைண்டர் இல்லை, ஃபிளாஷ் இல்லை, திரை அசையாது. உச்சி வெயிலில் அந்தத் திரையில் குத்துமதிப்பாகத்தான் காட்சியைச் சட்டகத்துக்குள் அமைக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை இல்லைகளுக்குப் பிறகும் ஏன் ரிக்கோ? சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, பெரியது என்பது ஒரு காரணம். ரிக்கோவுடையது 23.5 × 15.6 மி.மீ., சோனியுடையது 13.2 × 8.8. பரப்பில் மூன்று மடங்குக்கு மேல். அகலக் கோணத்தில் இரண்டுக்கும் அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் எண் கூடக் கூட அது சுருங்கும்) எஃப்2.8 தான் என்பதால், தெருவிளக்கு வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனாலும் என்னை வாங்க வைத்தது அதுவல்ல, ஸ்நாப் ஃபோகஸ்.

டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு ஆற்று ஆற்றுகிறார். அந்தப் பழுப்பு நிற இழை காற்றில் நிற்பது அரை விநாடி. ஆட்டோஃபோகஸை நம்பினால் அது பாய்லர் ஆவியையோ பின்னால் தொங்கும் பிஸ்கட் பாக்கெட்டையோ பிடித்துக்கொள்ளும். ரிக்கோவில் தூரத்தை முன்கூட்டியே 2.5 மீட்டர் என்று வைத்துவிடலாம். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி நிறுத்தினால் வழக்கமான ஆட்டோஃபோகஸ். நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால், ஃபோகஸ் தேடாமல் அந்த 2.5 மீட்டரில் அப்படியே எடுத்துவிடும். அப்பர்ச்சரை எஃப்8-இல் வைத்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே தொடங்கி அடிவானம் வரை எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். எஃப்5.6 என்றால் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை. தெருவுக்கு அது தாராளம். வெளிச்சம் குறைந்து எஃப்2.8-க்கு வந்துவிட்டால் தெளிவாக விழும் தூரம் குறுகிவிடும், இந்த வித்தை பலிக்காது, அப்போது ஆட்டோஃபோகஸ்தான்.

கேமரா விழித்துக்கொள்ள 0.8 விநாடி. 257 கிராம், 33 மி.மீ. தடிமன். பையிலிருந்து எடுப்பது, ஆன் செய்வது, அழுத்துவது மூன்றும் வலது கையோடு முடிந்துவிடும். இடது கையில் காய்கறிப் பை இருக்கலாம். போன் போதாதா என்று வீட்டிலும் கேட்டார்கள். போதும்தான், ஒரு கையால் பூட்டைத் திறந்து கேமராவுக்குப் போவதற்குள் மாஸ்டர் டம்ளரை நீட்டிவிடுவாரே!

இனி அதன் மறுபக்கம். ஜிஆர் வரிசையின் மேல் பல காலமாக இருக்கும் புகார் தூசி. லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றையும் உள்ளே இழுக்கும், சட்டைப் பையின் நூல்பிசிறு கூடவே போகும். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் சென்சாரை வீட்டில் துடைக்கவும் வழியில்லை, சர்வீஸில் பிரித்துத்தான் ஆக வேண்டும். சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி இருக்கிறது, ஒட்டிக்கொண்டதற்கு அது போதாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பர்ச்சர் சுருங்கச் சுருங்கத்தான் தூசி வானத்தில் சாம்பல் புள்ளியாகத் தெரியும். நான் மெச்சுகிற எஃப்8 தான் அதைக் காட்டிக்கொடுக்கிற இடமும். என்னுடையது இன்னும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் நெடுங்காலம் ஓட்டிவிட்டுச் சொல்கிற பேச்சல்ல இது. சின்னத் துணி உறை ஒன்றில் போட்டு வைக்கிறேன், அவ்வளவுதான். சோனியின் ஜூமும் நீண்டு சுருங்குவதுதான், தூசிக்கு அதுவும் உறவுதான்.

பேட்டரி ஒரு சார்ஜுக்கு ஏறத்தாழ 200 படம். இரண்டாவது பேட்டரி வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். யுஎஸ்பி-சி இருப்பதால் பவர் பேங்கிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

2025-ல் ஜிஆர் 4 வந்துவிட்டதால் பழைய ஜிஆர் 3-ஐக் கைமாற்றுபவர்கள் உண்டு. அப்படி வாங்குவதானால், காசு கொடுக்கும் முன் அப்பர்ச்சரை எஃப்16-இல் வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை நகர்த்திப் பாருங்கள். புள்ளி இருந்தால் சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.