அப்பாவின் சாலிக்கு 47 மில்லிமீட்டர் சிலிண்டர்

அப்பாவின் ஹொண்டா சாலி என்ற சின்ன 49 சிசி மோட்டார் சைக்கிளுக்குச் சென்ற தை மாதம் 47 மில்லிமீட்டர் சிலிண்டர் செட் ஒன்று வாங்கிப் பூட்டினேன். விலை 8,500 ரூபா. சீனத் தயாரிப்பு, பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். சிலிண்டரும் பிஸ்டனும் கொடுத்த காசுக்குத் தகுந்தவை. கூடவே வரும் சின்னச் சாமான்களை நம்பிப் பூட்டாதீர்கள்.

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது இந்தச் சாலி மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சில சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. ஊரே அப்படித்தான் ஓடியது. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு இறங்கி, அடியிலுள்ள எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்துவிடும். தேய்மானத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 39 மில்லிமீட்டர் சிலிண்டரின் துளையைத் தேய்மானம் போகக் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை கடைந்து, 40இல் வந்து நின்றுவிட்டது. இனிக் கடைய இடமில்லை.

வேகத்துக்காக நான் இதை வாங்கவில்லை. பழைய சிலிண்டர் முடிந்துபோனதால் வாங்கினேன். 47 மில்லிமீட்டர் வாயும் (சிலிண்டர் துளையின் விட்டம்) 41.4 மில்லிமீட்டர் ஓட்டமும் (பிஸ்டன் போய்வரும் தூரம்) சேர்ந்தால் 72 சிசி. ஹொண்டாவே தன் 70 எஞ்சினுக்கு வைத்த அளவு அது. 49 சிசி எஞ்சினுக்கு இதற்கு மேல் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பத்து அங்குலச் சில்லும் அந்தச் சின்ன டிரம் பிரேக்கும் எவ்வளவைத்தான் தாங்கும்?

பின்வளவுக் கொட்டிலில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. சிலிண்டர் உட்காரும் எஞ்சின் கூடான கிராங்க் கேஸைக் கடையத் தேவை வரவில்லை, சிலிண்டர் நேராக உட்கார்ந்தது. சிலிண்டரை மூடும், வால்வுகள் உள்ள ஹெட்டை மாற்றாமல் பழையதையே வைத்ததால் வால்வு பிஸ்டனில் இடிக்குமோ என்ற பயம் இருந்தது. மகள் விளையாடும் களியில் ஒரு துண்டைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றினேன். வால்வு பதிந்த இடத்தில் களி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாகவே இருந்தது.

பிஸ்டனைச் சுற்றி வரும் வளையமான றிங்கில்தான் சிக்கல். பிஸ்டனில் போடுமுன் ஒவ்வொரு றிங்கையும் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என் மேல் றிங்கின் இரு முனைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டிருந்தன. இடைவெளி அளக்கும் 0.05 மில்லிமீட்டர் கேஜ் தகடுகூட நுழையவில்லை. அப்படியே பூட்டியிருந்தால் சூட்டில் விரிந்து, முனைகள் மோதி, புதுச் சிலிண்டரைக் கிழித்திருக்கும். மெல்லிய அரத்தை இடுக்கியில் கட்டி, ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி, இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை அளந்து அளந்து தேய்த்தேன். இடைவெளி 0.20 மில்லிமீட்டர் வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

பிஸ்டனைக் கோக்கும் ‘பின்’ என்ற உருளை கழன்றுவிடாமல் பிடிக்கும் கிளிப்புகள் விரலால் அழுத்தவே வளைந்தன. அவற்றை எறிந்துவிட்டு ஜப்பான் கிளிப் வாங்கினேன். ஹெட்டுக்கு அடியில் வரும் கேஸ்கட் தகடும் எண்ணெய் கசிந்ததால் மாற்றவேண்டி வந்தது. இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு 1,400 ரூபா.

பூட்டும்போது பிஸ்டனில் உள்ள ‘ஐஎன்’ (IN) எழுத்து மேல்பக்கம், அதாவது கார்பரேட்டர் பக்கம், பார்க்கவேண்டும். வால்வை அழுத்தும் டாப்பெட்டின் இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். கார்பரேட்டரில் பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெட்டையும் பெரிதாக்கவேண்டும். பழைய ஜெட்டோடு ஓட்டியபோது பெற்றோல் போதாமல் பிளக் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. இப்போது பிஸ்கட் நிறத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கு எதிரே, அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மூன்றாம் கியரிலேயே போய்வந்தேன். முன்பு அந்த இடத்தில் இரண்டுக்கு இறக்காமல் முடியாது. பாதி வழியில் அப்பா என் தோளைத் தட்டி, சத்தம் பழைய சத்தம்தான் என்றார்.

இந்த எஞ்சினில் எண்ணெய்க்குக் காகித ஃபில்டர் கிடையாது, சல்லடையும் சுழன்று அழுக்கை ஒதுக்கும் சுழல்வடியும்தான். அதனால் முதல் எண்ணெயை 100 கிலோமீட்டரிலேயே இறக்கினேன். சல்லடையில் உலோகத்தூள் மினுக்கம் இருந்தது. 500இல் இறக்கியபோது இல்லை.