அடிக்கடி நிமோனியாவா? 'இம்யூனிட்டி பேக்கேஜ்' கட்டி ஏமாறாதீர்கள்

என் மகனுக்கு ஆறு மாதம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. என் உடம்பிலிருந்து போன ஆன்டிபாடிதான் (கிருமியை எதிர்க்கும் புரதம்) அதுவரை அவனைக் காத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் காதில் சீழ் வடியாத மாதம் கிடையாது. இரண்டு வயதுக்குள் மூன்று முறை நிமோனியா.

எங்கள் ஊரில் பெயர்பெற்ற ஒரு குழந்தைகள் கிளினிக்கில், "எதிர்ப்பு சக்தி கம்மி, அவ்வளவுதான்" என்று சொல்லி ஆறு மாத இம்யூனிட்டி பேக்கேஜ் கட்டச் சொன்னார்கள். சிரப், பவுடர், சொட்டு மருந்து எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். வளையலை அடகு வைத்துக் கட்டினோம். ஐந்தாவது மாதம் பிள்ளை ஐ.சி.யு.வில் கிடந்தான். போய்க் கேட்டால், "பவுடரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா?" என்று என்னையே மடக்கினார்கள்.

அரசு மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் அவன் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். "டான்சிலே காணோமே" என்றார். அப்புறம், "அம்மா வழியில் ஆண் குழந்தை யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா?" என்று கேட்டார்.

என் தம்பி. மூன்று வயதில், காய்ச்சலில் போனவன். அந்தக் கிளினிக்குக்குப் பதினோரு முறை போயிருக்கிறேன். ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

ரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை ஆன்டிபாடியும் மிகக் குறைவு. ரத்த செல்களை வகைவகையாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையில், ஆன்டிபாடி உருவாகக் காரணமான பி செல்லே இல்லை. டான்சில் காணாததும் அதனால்தான். மரபணுச் சோதனையில், பி செல் வளரத் தேவையான பிடிகே ஜீனில் கோளாறு. 1952லேயே ப்ரூட்டன் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்த நோய் இது; எக்ஸ்எல்ஏ என்பார்கள். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் தாக்கும். ஆன்டிபாடி தயாரிக்கும் செல்லே உருவாகாத உடம்பில் பவுடர் என்ன செய்யும்?

ஒரே வருடத்தில் இரண்டு நிமோனியாவோ, நான்கு முறை காதில் தொற்றோ வந்தால், ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடியின் இன்னொரு பெயர்) அளவைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். ரிப்போர்ட்டைக் குழந்தையின் வயதுக்கான அளவோடுதான் ஒப்பிட வேண்டும், பெரியவர்களின் அளவோடு அல்ல. ஐவிஐஜி, அதாவது மற்றவர்கள் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்து, ஏற்றும் முன்பே சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றிவிட்டால் தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடியும் சேர்ந்து தெரியும். சந்தேகம் இருந்தால், போலியோ சொட்டு மருந்தை டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். அதில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐவிஐஜி ஏறுகிறது. காய்ச்சல் நின்றுவிட்டது, ஆனால் நுரையீரலில் கெட்டுப்போன பகுதி கெட்டதுதான். என் தங்கைக்கு இது ஏழாவது மாதம். அவளிடமும் இந்த ஜீன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, அவளுடைய ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம்.