ஸ்டீல் கிரில்லா, டைட்டானியம் கிரில்லா?

பன்னிரண்டு வயது மகளுக்கு கிரிக்கெட் ஹெல்மெட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். கிரில் என்றால் முகத்துக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பி. விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை.

டைட்டானியத்தின் பலம் எடை குறைவு. தலை முன்பக்கம் இழுக்காது. இரண்டு மணி நேரம் வலைப் பயிற்சியில் நின்றாலும் கழுத்து வலி என்று வராது. வியர்வைக்குத் துருவும் பிடிக்காது. ஸ்டீல் அப்படியில்லை. நனைந்த ஹெல்மெட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டால், சில மாதங்களில் கம்பி மூட்டுகளில் பழுப்புப் புள்ளி தெரியும். எங்கள் வீட்டில் நடந்தது இது.

ஆனால் அடி தாங்குவதில் ஸ்டீலைக் குறைத்துச் சொல்ல முடியாது. கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கான பிரிட்டிஷ் பாதுகாப்புத் தரமான பிஎஸ் 7928:2013 முத்திரை இரண்டிலும் கிடைக்கிறது. ஜூனியர் பந்துக்குச் சோதித்ததா என்று லேபிளைப் பாருங்கள். 13 வயதுக்குட்பட்டோர் பந்து 133 முதல் 144 கிராம். வயது வந்த ஆண்கள் ஆடும் பந்தைவிடச் சிறியது. கிரில் இடைவெளி அகலமாக இருந்தால் உள்ளே நுழைந்துவிடும்.

அப்புறம் ஜடை. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் மேலே தூக்கி, நெற்றி வெளியே தெரியும். பின்கழுத்தில் தாழ்வாகப் பின்னிக்கொண்டு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வளரும் பிள்ளைக்கு நான் ஸ்டீல்தான் வாங்கினேன். மிச்சப் பணத்தில் கழுத்துக் காப்பு. பந்து பட்டு வளைந்த கிரில்லை மட்டும், எந்த உலோகமானாலும், கையால் நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள்.