30 வாட் ஆம்ப்புக்கு இந்த ஸ்பீக்கர் வேண்டுமா? குரலும் ஒரு பின்பக்கத் துளையும்

என்னிடம் இருக்கும் அதே 30 வாட் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபயர்) நண்பர் ஒருவர் வாங்கிவிட்டு, "ஸ்பீக்கரும் உங்களுடையதையே எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகியதை வைத்து விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும். குரல் என்று வந்துவிட்டால் இந்த ஐந்து அங்குல வூஃபரை (தாழ்ந்த ஒலியையும் நடு ஒலியையும் தரும் பெரிய கூம்பு) அடித்துக்கொள்ள ஆளில்லை. பாடுபவர் மூச்சு இழுப்பதும், வரி முடிகிற இடத்தில் உதடு ஒட்டிப் பிரிவதும் கேட்கிறது. கச்சேரிப் பதிவுகளில் தம்புரா பெரும்பாலும் பின்னால் ஒரு ரீங்காரமாகக் கரைந்துவிடும். இதில் நாலு தந்தியும் ஒவ்வொன்றாக விழுகின்றன. உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர் காது உயரத்துக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஸ்டாண்டு அவசியம்.

இனி அந்தத் துளைக்கு வருகிறேன். பாஸ், அதாவது அடிமட்ட ஒலியைக் கூட்டுவதற்கான போர்ட்டைப் பெட்டியின் முதுகில் வைத்திருக்கிறார்கள். சுவரிலிருந்து முக்கால் முழம் தள்ளி வைத்தால் பாஸ் அளவோடு வருகிறது. ஒட்டி வைத்தால் பானைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி ஆகிவிடும். அதிலும் எல்லா ஸ்வரமும் கெடுவதில்லை, ஒன்றிரண்டுதான். மூன்று மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். பேஸ் கிதாரின் இரண்டாவது தடித்த தந்தி 55 ஹெர்ட்ஸ். என் அறையும் மூன்று மீட்டர்தான். வாசிப்பவர் அந்தத் தந்தியைத் தொடும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அடுத்த ஸ்வரத்துக்குப் போனதும் அடங்கிவிடுகிறது.

இதை ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிடவும் முடியாது. அறையைப் பெருக்கும்போது ஸ்டாண்டைத் தள்ளத்தான் வேண்டியிருக்கிறது. திரும்ப வைக்கும்போது நாலு விரல்கடை பின்னால் போயிருந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன், அதுவும் ஈரத்தில் உரிந்துவிடுகிறது. துளையில் ஸ்பாஞ்ச் அடைத்தால் அதிர்வு போகிறது, கூடவே மிருதங்கத்தின் தொப்பியில் இருக்கும் கனமும் போய்விடுகிறது. ஆம்ப்பில் பாஸ் குமிழைக் குறைத்தாலும் இதே கதை: ஒரு ஸ்வரத்துக்காக எல்லாவற்றையும் தண்டிக்கிறது. கையேட்டில் "போதிய இடைவெளி விடவும்" என்று ஒரே வரி. எவ்வளவு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஆம்ப்போடு பொருத்தம் பார்க்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்ப வேண்டாம். சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள்: ஒரே சக்தி கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு. என்னுடையது 84 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூட்டுவதற்கும் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். இந்த ஸ்பீக்கர் 30 வாட்டில் தரும் சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் 12 வாட்டிலேயே தந்துவிடும். சாதாரணமாகக் கேட்க 30 வாட் தாராளம். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும்போதுதான் நெருக்கடி. தட்டுகளின் முனை மழுங்குவது நன்றாகவே தெரிகிறது. அந்த இடத்தில் குமிழை மேலே திருகக் கூடாது. ஆம்ப் திணறி முனை வெட்டுப்பட்ட சிக்னல் முதலில் சுடுவது ட்வீட்டரின் மெல்லிய காயிலைத்தான். சின்ன ஆம்ப் ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஓம் விஷயமும் உண்டு, அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் கொடுக்கும் தடை. 8 என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 4 வரைகூட இறங்கும். அதிக மின்சாரம் தர வேண்டியிருப்பதால் சின்ன ஆம்ப்புகள் அங்கேதான் சூடாகின்றன. வயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாலைந்து மீட்டருக்கு ஓரளவு தடித்த செம்புக் கம்பி போதும். சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிடாமல் பாருங்கள், மாறினால் பாஸ் காணாமல் போகும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். உங்கள் அறையில் ஸ்பீக்கரை அலமாரியில், சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்கிறீர்கள். அங்கே இந்தக் குரல் அழகு பாதிகூட வெளியே வராது. போர்ட் முன்பக்கம் இருப்பதோ, போர்ட்டே இல்லாத மூடிய பெட்டியோ பாருங்கள். மூடிய பெட்டியில் அடிமட்ட பாஸ் குறைவாக இருக்கும், ஆனால் இறங்குவது நிதானமாக இறங்கும். சுவர் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். 87, 88 டெசிபலுக்குக் குறையாமல் எடுங்கள். கேட்டுப் பார்க்கப் போகும்போது சுவரை ஒட்டி வைத்துத்தான் காட்டச் சொல்ல வேண்டும், பேஸ் கிதார் நன்றாக இறங்கும் ஒரு பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

என்னுடையதை விற்கிறீர்களா என்று அடுத்துக் கேட்பீர்கள். விற்பதாக இல்லை.