ஆபீஸ் கும்பலோடு தாஹோ: பாலிசேட்ஸா, ஹெவன்லியா, நார்த்ஸ்டாரா?

ஜனவரி பிறந்ததும் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா ஆபீஸ்களில் யாராவது ஒருவர் சேட்டில் ஆரம்பித்துவிடுவார்: "இந்த வருஷமாவது டீமோட தாஹோ போகலாமா?" தாஹோ என்றால் கலிஃபோர்னியா-நெவாடா எல்லையில் உள்ள ஏரி, சுற்றிலும் பனிச்சறுக்கு மலைகள். பத்துப் பன்னிரண்டு பேர் உடனே கைதூக்குவார்கள். எந்த மலைக்குப் போவது என்ற பேச்சு வந்ததும், கூட்டத்தில் நன்றாகச் சறுக்கத் தெரிந்த இரண்டு பேர் தங்களுக்குப் பிடித்த மலையைச் சொல்வார்கள். மற்றவர்கள் சரி என்று தலையாட்டுவார்கள். சனிக்கிழமை மதியம் பாதி டீம் லாட்ஜுக்குள் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

நண்பர்களோடு போவது வேறு. "எனக்கு பயமா இருக்குடா, நான் வரலை" என்று நண்பனிடம் சொல்லிவிடலாம். மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது அப்படிச் சொல்ல வாய் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு, மலை மேலே தூக்கிப் போகும் நாற்காலி லிஃப்டில் ஏறிவிடுவோம். அதனால் ஆபீஸ் பயணத்துக்கு மலை தேடும்போது நான் இரண்டு விஷயங்களைத்தான் பார்ப்பேன். முதல் முறை பனியில் கால் வைப்பவருக்கும் சறுக்கவே விரும்பாதவருக்கும் அங்கே என்ன இருக்கிறது? ஆளுக்கொரு பக்கம் போய்விட்டு, யாரும் காரை எடுக்காமல் மதியம் ஓரிடத்தில் கூடிச் சாப்பிட முடியுமா? நன்றாகச் சறுக்குபவர்கள் எந்த மலையிலும் பிழைத்துக்கொள்வார்கள்.

பாலிசேட்ஸ் தாஹோ

பேர் பெற்ற மலை. 1960 குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். ஸ்குவா வேலி என்றிருந்த பழைய பெயர் பழங்குடிப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்பதால் 2021-இல் மாற்றினார்கள். பக்கத்து ஆல்பைன் மெடோஸையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர். 2022 டிசம்பரிலிருந்து இரண்டு மலைகளுக்கும் நடுவே கோண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் மூடிய பெட்டி) ஓடுகிறது. தேர்ந்தவர்களுக்கு இது சொர்க்கம்தான். கேடி-22 லிஃப்டில் ஏறிக் கீழே பார்த்தாலே நம்மில் பலருக்கு முழங்கால் தந்தியடிக்கும்.

பிரச்சினை புதியவர்களுக்குத்தான். அகலமான, சாதுவான சரிவுகளில் நல்ல பங்கு 8,200 அடி உயரத்தில் ஹை கேம்ப் பக்கம் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் அங்கே கற்றுக்கொள்வது அருமையான அனுபவம், காட்சியும் பிரமாதம். ஆனால் புயல் நெருங்கும் நாளில் காற்று வலுத்தால் மேலே உள்ள லிஃப்டுகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது டீம் முழுக்க அடிவாரத்தில் முட்டிமோதிக்கொண்டு நிற்கும். ட்ரக்கி ஊரிலிருந்து வரும் 89-ஆம் எண் சாலை சனிக்கிழமை காலையில் நகரவே நகராது. அண்மைச் சீசன்களில் வார இறுதிக்குப் பார்க்கிங்கையும் முன்பதிவு செய்யச் சொல்கிறார்கள். நாலு காரில் போகும் கும்பலில் ஒருவர் மறந்தாலும் போதும், காலை முழுக்கப் போனிலேயே போய்விடும்.

ஹெவன்லி

தெற்குக் கரையில், கலிஃபோர்னியா-நெவாடா எல்லை மலை மேலேயே ஓடும் இடம். உச்சி 10,067 அடி. ஏரியைச் சுற்றியுள்ள ஸ்கி மலைகளில் இதுவே உயரம். மேலேயிருந்து பார்த்தால் ஏரி முழுக்க நீலமாக விரிந்து கிடக்கும். இந்தக் காட்சிக்கு மற்ற இரண்டு மலைகளும் பக்கத்தில்கூட வராது.

சறுக்காதவர்களுக்கும் இதை விட்டால் வேறு மலை கிடையாது. கோண்டோலா ஊருக்கு நடுவிலேயே கிளம்புகிறது. தங்குமிடம், காபிக் கடை, நெவாடா பக்கத்து கேசினோக்கள் எல்லாம் நடக்கும் தூரம். சுற்றிப் பார்க்க மட்டும் டிக்கெட் எடுத்துக் கோண்டோலாவில் போய்வரலாம். கர்ப்பமாக இருக்கும் சகா, முழங்கால் ஆபரேஷன் செய்தவர், வெறுமனே ஊர் பார்க்க வந்தவர் என்று யாரும் தனித்துவிடப்பட மாட்டார்கள்.

சறுக்குபவர்கள் பக்கம் வந்தால் எனக்கு இரண்டு குறைகள். பச்சைச் சரிவுகள், அதாவது புதியவர்களுக்கான எளிய சரிவுகள், குறைவு. ஆரம்பநிலையில் இருப்பவர் கோண்டோலாவில் மேலே போய்க் கற்றுக்கொண்டுவிட்டு, சறுக்கி இறங்கத் தெரியாததால் கோண்டோலாவிலேயே திரும்ப வேண்டும். சாயங்காலம் எல்லாருக்கும் அதே யோசனை தோன்றும், வரிசை நீளும். அப்புறம் மலையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் பாதைகள் நீளமாக, தட்டையாகக் கிடக்கும். ஸ்கி ஆட்கள் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டியிருக்கும் ஸ்னோபோர்டுக்காரர் வேகம் போய் நடுவழியில் நின்றுவிட்டால் ஒரு காலைக் கழற்றி நொண்டியடித்துத்தான் போக வேண்டும். டீமில் பாதி போர்டு என்றால் இதைக் கணக்கில் வையுங்கள்.

நார்த்ஸ்டார்

பெரிய ஆட்கள் இதை 'ஃப்ளாட்ஸ்டார்', தட்டை மலை என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியே ஆபீஸ் கும்பலுக்குச் சிபாரிசு. பெரும்பகுதி நடுத்தரச் சரிவுகள், நன்றாகச் சீர் செய்யப்பட்டவை. அடிவாரக் கிராமத்திலிருந்து கோண்டோலாவில் மலையின் நடுப்பகுதிக்குப் போனால் புதியவர்களுக்கான இடம் அங்கேயே இருக்கிறது. வகுப்பு, சாப்பாடு, மேலே போகும் லிஃப்டுகள் எல்லாம் அதைச் சுற்றித்தான். தேர்ந்தவர் பின்பக்கத்துக் கடினமான கறுப்புச் சரிவுகளில் காலையைக் கழித்துவிட்டு வந்தாலும், வகுப்பு முடித்தவரோடு ஒரே மேசையில் சாப்பிடலாம். மதியத்துக்கு மேல் இரண்டு பேரும் சேர்ந்து போகக்கூடிய சரிவும் இருக்கும். போர்டு, ட்ரிக் ஆசை உள்ளவர்களுக்கு தாவிக் குதித்து வித்தை காட்டும் டெரெய்ன் பார்க்குகளுக்கும் பஞ்சமில்லை.

முக்கியமான இன்னொன்று மரங்கள். மலை முழுக்கக் காடு என்பதால் காற்று அவ்வளவாக அறையாது. மற்ற மலைகளின் மேல் லிஃப்டுகள் நின்றுபோன நாளிலும் இங்கே பல லிஃப்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளைப் புகைமூட்டத்தில் தரை எங்கே, வானம் எங்கே என்று தெரியாதபோது மரங்கள்தான் திசை காட்டும். கிராமத்தின் நடுவில் ஐஸ் ஸ்கேட்டிங் தளம் இருக்கிறது. சறுக்காதவர்களுக்கு இங்கே அரை நாள் ஓடும், இரண்டு நாள் ஓடாது. ஏரிக் காட்சியும் ஹெவன்லி அளவுக்குக் கிடையாது. கிராமத்துக் கடைகளில் விலை கையைக் கடிக்கும். தங்கியிருக்கும் கேபின் வீட்டிலிருந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவது கௌரவக் குறைவே அல்ல.

என் தீர்ப்பு: பாதிக்கு மேல் புதியவர்கள் என்றால் நார்த்ஸ்டார். மூன்றில் ஒருவராவது சறுக்கவே போவதில்லை என்றால் ஹெவன்லி. எல்லாரும் நடுத்தரமான நீலச் சரிவை வியர்க்காமல் இறங்குபவர்கள் என்றால் மட்டும் பாலிசேட்ஸ்.

பட்ஜெட் இடித்தால்

பெரிய மலைகளில் உச்ச சீசன் வார இறுதிக்குக் கவுண்டரில் டிக்கெட் வாங்கினால் ஒரு நாளைக்கே 200 டாலரைத் தாண்டும். ஒரே பாஸில் பல மலைகளுக்குப் போகலாம்: நார்த்ஸ்டாரும் ஹெவன்லியும் எபிக் பாஸ், பாலிசேட்ஸ் ஐகான் பாஸ். டீமில் யார் கையில் எந்தப் பாஸ் இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு நண்பர்களுக்கான சலுகை டிக்கெட்டுகளும் கிடைக்கும். ஒரு நாள், இரண்டு நாள் பாஸ்களைச் சீசன் சூடு பிடிக்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். ஜனவரியில் முழித்துக்கொண்டால் தாமதம்தான்.

கையில் காசு இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது என்றால் ஐ-80 சாலையோரமே இருக்கும் போரியல் போதும். சின்ன மலை, விளக்கு வெளிச்சத்தில் இரவிலும் சறுக்கலாம், பெரிய மலைகளைவிட மலிவு. 50-ஆம் எண் சாலைப் பக்கம் சியரா-அட்-தாஹோ. 2021 கால்டர் காட்டுத்தீயில் பலமாக அடிபட்டு, 2022 டிசம்பரில்தான் முழுமூச்சாகத் திரும்பியது. தங்காமல் ஒரே நாளில் போய்வரும் டீமுக்கு இந்த இரண்டும் சரி.

ஸ்கியா, போர்டா?

ஒரே வார இறுதிதான் என்றால் ஸ்கி. முதல் நாள் மாலைக்குள் ஸ்கி முனைகளை உள்பக்கம் சேர்த்து 'பீட்சா' வடிவம் போட்டு நிற்கக் கற்றுக்கொள்வீர்கள், பச்சைச் சரிவில் இறங்கிவிடுவீர்கள். போர்டில் முதல் நாள் முழுக்க விழுவதுதான் வேலை. புட்டம், மணிக்கட்டு இரண்டும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் பிடிபடும். திங்கட்கிழமை கீபோர்டில் உட்கார வேண்டியவர்கள் மணிக்கட்டுப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் புதியவர் வகுப்பில் சேரட்டும். டீமின் சூரர் "நானே சொல்லித் தர்றேன்" என்று நீலச் சரிவுக்கு இழுத்துப் போனால், சறுக்கலும் வராது, சிநேகமும் கெடும்.

கணக்கு விஷயத்தில் ஒரே வார்த்தை: கேபினும் பெட்ரோலும் எல்லாருக்கும் சமம், டிக்கெட்டும் வாடகைச் சாமானும் அவரவர் செலவு. சறுக்காதவர் தலையில் லிஃப்ட் டிக்கெட்டைக் கட்டாதீர்கள்.

போகிற வழி

மலையைவிடச் சாலைதான் வார இறுதியைக் கெடுக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 200 மைல். வெறிச்சோடிய சாலையில் மூன்றரை, நாலு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பனியும் விழுந்தால் எட்டு மணி நேரம்கூட ஆகலாம். நார்த்ஸ்டாருக்கும் பாலிசேட்ஸுக்கும் ஐ-80-இல் டானர் கணவாய், ஹெவன்லிக்கு 50-இல் எக்கோ சம்மிட். இரண்டுமே 7,000 அடிக்கு மேல். 2024 மார்ச் முதல் வாரப் பனிப்புயலில் ஐ-80-ஐயே மூடிவிட்டார்கள். பனி நாளில் சாலையில் ஆர்-2 கட்டுப்பாடு போட்டால் நாலு சக்கரத்திலும் ஸ்னோ டயர் உள்ள ஃபோர் வீல் டிரைவ் தவிர எல்லா வண்டிக்கும் டயரில் மாட்டும் பனிச் செயின் கட்டாயம். அந்த விதிவிலக்கு வண்டிகளும் செயினைக் கையில் வைத்திருக்க வேண்டும். வாடகைக் கார் நிறுவனங்கள் பல செயின் மாட்ட அனுமதிப்பதில்லை, ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.

முடிந்தால் வியாழன் இரவே கிளம்பி, வெள்ளிக்கிழமை கேபினிலிருந்தே வேலை பார்க்க மேனேஜரிடம் கேளுங்கள். அவரும் கூட வருகிறார் என்றால் மறுக்க மாட்டார். ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதைத் தவறவிட்டால் இரவுச் சாப்பாட்டை ட்ரக்கியிலேயே முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு மேல் வண்டியை எடுங்கள்.