முழங்கால் மூட்டு மாற்றுக்குப் பின்: வாக்கரா, ஊன்றுகோலா?

ஒரு முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட எனக்கு, தொடக்க நாட்கள் கடந்ததும் வாக்கரிலேயே தொடர்வதா, முழங்கை ஊன்றுகோல்களுக்கு (முன்கையைச் சுற்றும் வளையமும் கைப்பிடியும் உள்ள கோல்கள்) மாறுவதா என்ற கேள்வி எழுந்தது. இயன்முறை மருத்துவரின் ஒப்புதலோடு ஊன்றுகோல்களுக்கு மாறினேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

வாக்கரின் சிறப்பு எவரும் அறிந்ததே. நான்கு கால்களும் அகன்று ஊன்றுவதால், தொடைத் தசை வலுவிழந்திருக்கும் முதல் நாட்களிலும், இரவில் தூக்கக் கலக்கத்தோடு கழிப்பறைக்குச் செல்லும்போதும் அதுவே பாதுகாப்பு.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது நடையின் தன்மைதான். இயல்பாக நடக்கும்போது, குதிகால் தரையைத் தொடும் நேரத்தில் முழங்கால் ஏறக்குறைய முழுவதும் நீள்கிறது. கால் முன்னே வீசப்படும்போது சுமார் 60 பாகை மடங்குகிறது. அறுவைக்குப் பின் வீக்கத்தாலும் வலியாலும் குறைந்துபோவது இந்த நீட்டலும் மடக்கலுமே. சக்கரமில்லாத வாக்கரைத் தூக்கி வைத்து, ஓர் அடி எடுத்து, நின்று, மீண்டும் தூக்கும்போது அடி குறுகுகிறது, முதுகு முன்னே வளைகிறது, முழங்கால் பாதி மடங்கிய நிலையிலேயே பழகிவிடுகிறது. ஊன்றுகோல்களிலோ வலக் கோலும் இடக் காலும், இடக் கோலும் வலக் காலும் மாறி மாறி முன்செல்வதால், உடல் நிமிர்ந்து, குதிகால் முதலில் பதியும் பழைய நடை ஒவ்வோர் அடியிலும் பயிற்சியாகிறது. பின்னர் ஒரே கோலுக்கு மாறும்போது, அதை அறுவை செய்யப்படாத காலின் பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்திலேயே பிடித்தால் உடல் அந்தக் காலின் மேலேயே சாயும்.

சாதாரண வாக்கரோடு மாடிப்படி ஏறுவது ஆபத்து. ஒரு கையில் கைப்பிடிச் சுவரும் மறு கையில் ஊன்றுகோலும் இருந்தால், ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது கோலோடு அறுவை செய்த காலையும் முதலில் வைத்துப் படிகளைக் கடக்கலாம். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்தில் ஊன்றுகோலின் பிடி இருக்க வேண்டும்; அடியிலுள்ள ரப்பர் தேய்ந்ததும் உடனே மாற்றிவிட வேண்டும்.

இரு முழங்கால்களிலும் ஒரே நேரத்தில் அறுவை செய்துகொண்டவர்கள், மணிக்கட்டில் மூட்டுவாதம் உள்ளவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள் ஆகியோருக்கு என் அனுபவம் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் வாக்கரில் கூடுதல் காலம் இருப்பதே நல்லதாக இருக்கலாம். எலும்பு முறிவுக்கான அறுவையில் காலின் மேல் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை அறுவை மருத்துவர் மட்டுமே சொல்ல முடியும்.