அரசு வக்கீலுக்கு மாதச் சம்பளமா, வழக்குக்கு இவ்வளவு என்ற கட்டணமா?

வழக்குக்கு இவ்வளவு என்று கொடுத்தால் செலவு பளிச்சென்று தெரியும், வேலை இல்லாத மாதம் பணமும் போகாது, சரிதான். ஆனால் ஆஜராகும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் என்றால் வாய்தா வாங்குவதே லாபமாகிவிடும். மொத்தத் தொகை என்றாலோ, வழக்குக் கட்டு முழுவதையும் படிக்காமலேயே சீக்கிரம் முடிக்கத் தோன்றும்.

மாதச் சம்பளத்தில் இந்தத் தொல்லை இல்லை. நீதிமன்றத்தில் நிற்காத வழக்கு என்றால் 'இதற்கு மேல்முறையீடு வேண்டாம்' என்று துறையிடம் தைரியமாகச் சொல்லலாம், அதனால் வருமானம் குறையாது. என்ன, தனியாகத் தொழில் செய்பவர் சம்பாதிப்பதற்கும் இதற்கும் ரொம்ப இடைவெளி விழுந்தால் நன்றாகத் தேறியவர் வெளியே போய்விடுவார், அப்புறம் எதிர்த்தரப்பின் மூத்த வக்கீல் முன்னால் புதியவரைத்தான் நிறுத்த வேண்டும்.

என் ஓட்டு சம்பளத்துக்கே, அதுவும் நீதிபதிகளின் ஊதியத்தை ஒட்டி நிர்ணயித்தால். அபூர்வமான வரி, காப்புரிமை வழக்குகளுக்கு மட்டும் வெளியாளைக் கட்டணத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம்.